ஒரே தீவனம் தின்னும் இரண்டு கன்றுகளில் ஒன்று மட்டும் ஏன் சட்டென்று எடை கூடுகிறது? இறைச்சி மாடுகளில் அந்த நல்ல மரபணுவைக் கண்டுபிடித்துப் பெருக்கினால் போதாதா?

இரண்டாம் கேள்விக்கு முதலில் பதில்: போதாது. இறைச்சி மாடுகளின் எடைப் பதிவுகளை வைத்துக் கணக்குப் போடுவதே என் வேலை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் மரபணு என்றாலே எனக்குச் சற்றுப் பயம்.

பெல்ஜியன் புளூ மாட்டைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். பின்தொடை இரண்டாகப் புடைத்துக்கொண்டு நிற்கும். தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் புரதம் மயோஸ்டாட்டின். இந்த இனத்தில் அதற்கான மரபணுவில் 11 டிஎன்ஏ எழுத்துகள் காணாமல் போயிருக்கின்றன. 1997-இல்தான் இது தெரியவந்தது. பியட்மாண்டீஸ் இனத்தில் அதே மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது; அங்கும் கடிவாளம் அறுந்துவிட்டது. இறைச்சி அதிகம், கொழுப்பு குறைவு. ஆனால் பெல்ஜியன் புளூவில் கன்று பெருத்திருக்கும், தாயின் இடுப்பு வழி குறுகியிருக்கும். பெரும்பாலான பசுக்களுக்கு வயிற்றைக் கிழித்துத்தான் கன்றை எடுக்கிறார்கள். தானாக ஈன முடியாத பசுவை நல்ல பசு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்படி ஒற்றை மரபணு ஆட்டிப்படைப்பது அபூர்வம். 58,000-க்கும் மேற்பட்ட மாடுகளின் உயரத்தை ஆராய்ந்து 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. உயரத்தோடு தொடர்புள்ள 163 இடங்கள் மரபணுத் தொகுதியில் அகப்பட்டன. அத்தனையையும் கூட்டினாலும் உயர வேறுபாட்டில் அதிகபட்சம் 13.8 சதவீதத்தைத்தான் விளக்க முடிந்தது. எடையும் இப்படித்தான்: ஆயிரக்கணக்கான சிறு வேறுபாடுகள், ஒவ்வொன்றும் ஒரு துளி.

உங்கள் இரண்டு கன்றுகளுக்கு வருவோம். ஒரே மந்தையில் காணப்படும் வேறுபாட்டில், பெற்றோரிடமிருந்து வந்த மரபுக்கு எவ்வளவு பங்கு என்பதுதான் பார்க்க வேண்டிய எண். ஒரு வயது எடையில் அது ஏறக்குறைய 40 சதவீதம். பால்மறக்கும் வயதில் தாயின் பாலும் குறுக்கே புகுந்துவிடுவதால் சுமார் 25. சினைபிடிக்கும் திறனில் 10 சதவீதத்தை எட்டினாலே பெரிது. ஒரு வயதில் மந்தைச் சராசரியைவிட 50 கிலோ கூடுதலாக நிற்கும் காளையைப் பொலிகாளையாக வைக்கிறீர்கள் என்று கொள்வோம். அந்த 50-இல் மரபின் பங்கு 20 கிலோ என எதிர்பார்க்கலாம். கன்றுக்குத் தகப்பன் தருவது பாதிதான். ஆகச் சராசரிப் பசுக்களுக்குப் பிறக்கும் கன்றுகளில் 10 கிலோ கூடும். மரபில் சேராத 30 கிலோ அந்தக் காளை தின்ற தீவனத்தோடும் அதன் அதிர்ஷ்டத்தோடும் போய்விடும். காளையைப் பார்த்து மயங்கி வாங்குபவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை.

அந்த 10 கிலோவும் தனியாக வருவதில்லை. வேகமாக வளரச் செய்யும் வேறுபாடுகள் பலவும் பிறப்பு எடையையும் சேர்த்தே கூட்டுகின்றன. 14-ஆம் குரோமோசோமில் உள்ள பிளாக்1 என்ற மரபணுவின் பகுதி இதற்குப் பெயர்போனது. வளர்ச்சியை மட்டுமே பார்த்துத் தேர்ந்தெடுத்தால், சில தலைமுறைகளில் கிடேரிகள் முதல் ஈற்றில் திணறத் தொடங்கும். சிறிதாகப் பிறந்து பிறகு விரைந்து வளரும் கன்றுகளைத் தரும் காளைகளும் உண்டு. தேட வேண்டியவை அவைதான்.

கண்ணை நம்பியதால் வந்த வினைக்கு ஒரு பழைய கதை உண்டு. 1940-களில் அமெரிக்காவில் ஹெரிபோர்டு மாடு குட்டையாக, திரண்டு இருந்தால்தான் அழகு என்றார்கள். குள்ளத்தனத்துக்கான மரபணுவை ஒரு பிரதி மட்டும் சுமந்த மாடுகள் அந்த அழகுக்குச் சற்று நெருக்கமாக இருந்தன என்று கருதப்படுகிறது. அவற்றையே தேடித் தேடிப் பெருக்கியிருக்கிறார்கள். அப்படிச் சுமக்கும் இரண்டு மாடுகள் சேரும்போது நான்கில் ஒரு கன்று குள்ளமாகப் பிறக்க வாய்ப்பு உண்டு. மூச்சுத் திணறிக்கொண்டு நிற்கும் அந்தக் கன்றுகளால் 1950-களில் பல வம்சாவளிகளையே ஒதுக்க வேண்டியதாயிற்று.

டிஎன்ஏ சோதனை மெய்யாகவே கைகொடுப்பது உயிரோடு அளக்க முடியாத பண்புகளில். இறைச்சியின் மென்மை அப்படிப்பட்டது. அறுத்த பிறகு தசைநாரைச் சிதைப்பது கால்பெய்ன் என்ற நொதி, அதைத் தடுப்பது கால்பாஸ்டாட்டின். இந்திய மாடுகளிலிருந்து உருவான, திமிலுள்ள பிராமன் வகை மாடுகளில் தடுப்பு வலுவாக இருப்பது இறைச்சி சற்றுக் கடினமாக இருப்பதற்கு ஒரு காரணம். அதற்காக அவற்றை ஒதுக்கிவிட முடியாது. வெயிலையும் உண்ணியையும் தாங்குவதில் ஐரோப்பிய இனங்கள் அவற்றின் அருகில்கூட வராது. அதனால்தான் எட்டில் மூன்று பங்கு பிராமன், ஐந்து பங்கு ஆங்கஸ் என்று கலந்து பிராங்கஸை உருவாக்கினார்கள். இரண்டு இனங்களைக் கலக்கும்போது கன்றுகளுக்குக் கிடைக்கும் கூடுதல் வலிமை, அதாவது கலப்பின வீரியம், அதிகம் தெரிவதும் சினைபிடித்தல், கன்று பிழைத்தல் போன்ற, தேர்வால் எளிதில் முன்னேறாத பண்புகளில்தான்.

நீங்கள் டிஎன்ஏ சோதனைக்கு முடி மாதிரி அனுப்பும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்தச் சோதனை தரும் கணிப்பு எந்த இனத்தின் பதிவுகளிலிருந்து உருவானது? ஆங்கஸ் மாடுகளை வைத்து உருவாக்கியதைப் பிராமன் மந்தையில் போட்டால், வரும் எண் துல்லியமாகத் தோன்றும். நம்பிக் காளை வாங்க அது உதவாது.