டிஸ்னி வேர்ல்டின் பழைய டிக்கெட்டைப் புதிய எலக்ட்ரானிக் பாஸாக மாற்ற முடியுமா?

அப்பா 2004-இல் ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்கு வாங்கிய ஐந்து நாள் டிக்கெட்டில் இரண்டு நாள் மிச்சம் இருக்கிறது, இப்போது எல்லாம் எலக்ட்ரானிக் ஆகிவிட்டதால் அது செல்லுமா, வாசலில் தொட்டு நுழைய டிஸ்னி விற்கும் மேஜிக்பேண்ட் என்ற கைப்பட்டையை வாங்கியே ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

செல்லும். தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆனால் அந்த இரண்டு நாளும் அப்பாவுக்கு மட்டும்தான். பாதி பயன்படுத்திய டிக்கெட்டை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது என்பது அங்கே பழைய விதி. அதனால் அப்பா வருவதாக இருந்தால் அவரைப் பாஸ்போர்ட்டோடு கெஸ்ட் ரிலேஷன்ஸ் என்ற டிஸ்னியின் வாடிக்கையாளர் உதவிக் கவுண்டருக்கு அழைத்துப் போங்கள்.

வாங்கிய ஆண்டைப் பொறுத்துத்தான் எல்லாமே. 2005 ஜனவரிக்கு முன் விற்ற பல நாள் டிக்கெட்டுகளுக்குக் காலாவதி கிடையாது. அதற்குப் பிறகு சில ஆண்டுகள் விற்றவை, முதல் நாள் உள்ளே நுழைந்ததிலிருந்து 14 நாளில் முடிந்துவிட்டன. காலாவதி வேண்டாம் என்று தனியாகப் பணம் கட்டியவர்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. உங்கள் டிக்கெட் 2004 என்பதால் தப்பித்தது. ஒரு நாள் டிக்கெட்டே இன்று நூறு டாலருக்கு மேல் போகிறது, இரண்டு நாள் என்றால் சும்மா விடுகிற தொகையா?

நான் ஆர்லாண்டோ பக்கம் இருப்பவன். என் மாமனாரிடமும் இதே மாதிரி ஓர் அட்டை இருந்தது, பின்பக்கம் கறுப்புக் காந்தப் பட்டை போட்டது. கெஸ்ட் ரிலேஷன்ஸ் கவுண்டரில் இருந்த பெண் அதிலிருந்த எண்ணைக் கணினியில் தட்டினார். மிச்ச நாட்கள் திரையில் வந்தன. பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, புது பிளாஸ்டிக் கார்டு ஒன்றைக் கொடுத்துவிட்டார். மாமனாருக்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

கைப்பட்டை விஷயத்துக்கு வருகிறேன். 2013-இல் டிஸ்னி இந்த முறையை அறிவித்தது. ஏறக்குறைய நூறு கோடி டாலர் செலவு என்று அப்போது செய்திகள் வந்தன. வாசலில் இருந்த சுற்றும் இரும்புத் தடுப்புகளை எடுத்துவிட்டு, தொட்டால் பச்சையாக ஒளிரும் கம்பங்களை வைத்தார்கள். ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்: டிக்கெட் இப்போது உங்கள் கையில் இல்லை, டிஸ்னியின் கணினியில் உங்கள் பெயரில் இருக்கிறது. மேஜிக்பேண்ட், பிளாஸ்டிக் கார்டு, போன் மூன்றுமே அதைத் திறக்கும் சாவிதான். எதைக் காட்டினாலும் கதவு ஒன்றே. கூடவே விரலையும் வைக்கச் சொல்வார்கள். ஒருவர் டிக்கெட்டில் இன்னொருவர் நுழையாமல் இருக்கத்தான் அது.

பேண்ட் கட்டாயமில்லை. முன்பு டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள், 2021-இலிருந்து அதுவும் நின்றுவிட்டது. 2022-இல் வந்த மேஜிக்பேண்ட் பிளஸ் விளக்கு எரியும், அதிரும். குழந்தைகளுக்கு அது கொண்டாட்டம், அவர்களுக்காக வாங்கினால் தப்பில்லை. பெரியவர்களுக்கு நான் வாங்கித் தர மாட்டேன். வீட்டில் யாரிடமாவது பழைய பேண்ட் இருந்து, பேட்டரி செத்துப்போயிருந்தால் கவலை வேண்டாம். வாசலில் தொட்டுப் போகும் சிப்புக்குப் பேட்டரியே தேவையில்லை, அந்தக் கம்பம் அனுப்பும் அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். பேட்டரி இன்னொரு ரேடியோவுக்காக. பேண்ட் எங்கே நகர்கிறது என்று சில மீட்டர் தூரத்திலிருந்தே படிப்பதற்கு உதவுவது அதுதான். 2013-இலேயே அமெரிக்க மக்களவை உறுப்பினராக இருந்த எட் மார்க்கி, குழந்தைகளின் தகவலை எப்படிப் பயன்படுத்துவீர்கள் என்று டிஸ்னி தலைவருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். எனக்கும் அந்தக் கேள்வி நியாயமாகத்தான் படுகிறது. கார்டில் அந்தத் தூர ரேடியோ கிடையாது, தொட்டால் மட்டுமே வேலை செய்யும். பேண்டை விட கார்டே போதும் என்று நான் சொல்வதற்கு இது முக்கியக் காரணம்.

போனில் வைத்துக்கொள்ளலாமே என்று நீங்கள் நினைக்கலாம். உங்களுக்குச் சரி. அப்பாவுக்கு வேண்டாம். புளோரிடா வெயிலில் நாள் முழுக்கப் படம் எடுத்து, வரிசை நேரம் பார்த்து, சாயங்காலத்துக்குள் போன் அணைந்துவிடும். ஊரிலிருந்து வரும் பெரியவர்களிடம் அமெரிக்க சிம்கூட இருப்பதில்லை. எல்லாருடைய டிக்கெட்டையும் ஒரே போனில் ஏற்றிவைத்தால், அந்தப் போன் வைத்திருப்பவர் ரைடுக்குப் போனதும் மற்றவர்கள் நடுவழியில் நிற்க வேண்டியதுதான். ஆளுக்கொரு கார்டு கையில் இருந்தால் அப்பா தன் விருப்பப்படி வெளியே போய்விட்டுத் திரும்ப வரலாம், யாரையும் தேட வேண்டியதில்லை. வயதானவர்களுக்கு அந்தச் சுதந்திரம் பெரிய விஷயம்.

போகும் தேதியைச் சொல்லி வாங்கும் புது டிக்கெட்டுக்கு, எந்தப் பார்க்குக்குப் போகிறோம் என்று தனியாக முன்பதிவு செய்வது 2024 ஜனவரியிலிருந்து தேவையில்லை. உங்களுடையது தேதி இல்லாத பழைய ரகம் என்பதால் முன்பதிவு வேண்டுமா என்று கவுண்டரிலேயே கேட்டுவிடுங்கள். அப்புறம், கலிபோர்னியா டிஸ்னிலேண்டில் இது செல்லாது, இரண்டும் தனித்தனி.

மாற்றுவதற்கு, போகிற நாள் காலையில் பார்க் வாசலில் போய் நிற்காதீர்கள். முந்தின நாள் சாயங்காலம் டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைத்தெருவில் இருக்கும் கெஸ்ட் ரிலேஷன்ஸுக்குப் போங்கள். அங்கே கார் நிறுத்தக் கட்டணம் இல்லை, நுழைவுச் சீட்டும் வேண்டாம். புறப்படும் முன் பழைய அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எண் அழிந்துகொண்டு வந்தால், படிக்க முடியும்போதே எழுதி வையுங்கள், கணினியில் அவர்கள் தேடப்போவது அந்த எண்ணைத்தான்.