சென்னையைத் தொடாமல் போகும் சதுரங்கப்பட்டினம் – திருத்தணி சாலை

“சென்னையைச் சுற்றியுள்ள மாநில நெடுஞ்சாலைகளுள் வரலாற்றுச் செறிவு மிக்கது எது?” என்ற கேள்விக்கு, பலரும் கிழக்குக் கடற்கரைச் சாலையைச் சொல்வார்கள். நான் மாநில நெடுஞ்சாலை 58-ஐச் சொல்வேன்.

சதுரங்கப்பட்டினத்தில் தொடங்கி, திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, வாலாஜாபாத், காஞ்சிபுரம், அரக்கோணம் வழியாகத் திருத்தணியை அடையும் இச்சாலை சென்னைக்குள் நுழைவதே இல்லை. தாம்பரத்தில் வசிக்கும் எனக்கு எல்லாச் சாலைகளும் சென்னையிலிருந்தே புறப்படுவதாக ஓர் எண்ணம் இருந்தது. இங்கிருந்து புதுச்சேரிக்கும் திருச்சிக்கும் பெங்களூருக்கும் திருப்பதிக்கும் பிரியும் பெருஞ்சாலைகள் அனைத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சந்திக்கும் இந்த ஒரே சாலை அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

இதன் கிழக்கு முனையாகிய கடற்கரை ஊர் சதுரங்கப்பட்டினத்தில், துணி ஏற்றுமதிக்காக டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை இன்றும் சிதைந்த நிலையில் நிற்கிறது. 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அவர்கள் அவ்வூரை ஆங்கிலேயரிடம் விட்டுக்கொடுத்தனர். உள்நாட்டில் நெசவுக்குப் பேர்போன காஞ்சிபுரம். நெசவூரையும் கடற்கரையையும் இணைக்கும் வழி என்பதே இச்சாலையின் உண்மையான முகம் என்று நான் கருதுகிறேன். இடையிலுள்ள வாலாஜாபாத், ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கி, பின்னர் ஆங்கிலேயப் படை முகாமாக விளங்கிய ஊர். அரக்கோணத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையே 1865-இலேயே இருப்புப்பாதை வந்துவிட்டது. அப்பகுதியிலுள்ள தக்கோலத்தில்தான் 949-இல் சோழ இளவரசன் இராசாதித்தன் இராட்டிரகூடரோடு பொருது வீழ்ந்தான்.

வடக்கு முனையின் கதை மிகவும் பிற்காலத்தது, எனக்கு மிகவும் நெருக்கமானதும் அதுவே. மொழிவாரி மாநிலப் பிரிவினையின்போது சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்தில் இருந்த திருத்தணி, ம.பொ.சி. முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரையை ஒட்டி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதற்கு முன்பு இவ்வழியே திருத்தணி முருகனைக் காணச் சென்ற காஞ்சிபுரத்துக்காரர் மாநில எல்லையைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. ஒரு முழுச் சாலையும் ஒரே மாநிலத்துக்குள் அமைவதற்கு மக்கள் சிறைசென்று போராடினார்கள் என்பதைத் திருத்தணிக்கு வரும் பயணிகள் அறியும்படி ஒரு பலகையேனும் சாலையோரத்தில் வைக்கப்பட வேண்டும் என்பது என் விருப்பம்.

நேரில் காண விரும்புவோர், பாலாற்றை ஒட்டிச் செல்லும் செங்கல்பட்டு – வாலாஜாபாத் பகுதியிலிருந்து தொடங்குங்கள்.