ஆடிக் காற்றில் டென்னிஸ் பந்து: எறிபொருள் பற்றிக் கேள்வி பதில்

கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு முப்பது வருடம் பிசிக்ஸ் நடத்தியவன் நான். சித்தூர் தாலுகாவிலிருந்து வந்த கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

வேலந்தாவளத்துத் தம்பி: மாஷே, 45 டிகிரியில் அடித்தால்தான் பந்து அதிக தூரம் போகும் என்கிறது புத்தகம். ஆடி மாசம் மேற்கே பார்த்து அப்படி அடித்தால் பந்து பாதியிலேயே தொப்பென்று விழுகிறது. என் கணக்கு தப்பா?

கணக்கு சரிதான் தம்பி. புத்தகம் காற்றே இல்லாத இடத்துக்குக் கணக்குப் போடுகிறது. நீ ஆடுவது, ஆடியில் மேற்கிலிருந்து காற்று வீசும் பாலக்காட்டுக் கணவாய்க்குள். நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் 45 டிகிரியில் அடித்தால், காற்றில்லாத இடத்தில் பந்து 92 மீட்டர் போகும். ஆனால் நீங்கள் கிரிக்கெட் ஆடுவது டென்னிஸ் பந்தில். பருமனில் அது கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம்தான் சிறியது. எடையோ மூன்றில் ஒரு பங்கு, 58 கிராம் அளவுதான். அந்த வேகத்தில் காற்று அதைப் பின்னால் இழுக்கும் விசை, பந்தின் எடையைவிடவே அதிகம்! அதனால் பாதை, ஏறுவதும் இறங்குவதும் ஒரே மாதிரி வளையும் பரவளையமாக இருக்காது. ஏறும்போது நீளமாகவும் இறங்கும்போது செங்குத்தாகவும் கோணிப்போகும். நீ பார்த்தது அதைத்தான்.

இழுவை, வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. மணிக்கு 18 கிலோமீட்டர் எதிர்காற்று இருந்தால், 45 டிகிரியில் அடித்த நொடியில் இழுவை கால் பங்கு அளவுக்குக் கூடிவிடும். அதனால் எதிர்காற்றில் தாழ்த்தி அடி. மார்கழியில் காற்று கிழக்கிலிருந்து வரும்போது அதே பக்கம் தூக்கி அடித்துப் பார், வித்தியாசம் தெரியும்.

வண்ணாமடை அக்கா: மரம் ஏறுபவர் தேங்காயைச் சும்மா விடாமல் தள்ளிவிட்டால், மெதுவாக விழுமா சார்?

இல்லைங்க அக்கா. மட்டமாகத் தள்ளினாலும் சும்மா விட்டாலும் ஒரே நேரத்தில்தான் தரைக்கு வரும். பக்கவாட்டு ஓட்டமும் கீழ்நோக்கிய வீழ்ச்சியும் தனித்தனி என்று கலிலியோ 1638-லேயே எழுதிவிட்டார். 15 மீட்டர் மரம் என்றால் 1.75 நொடி, கீழே வரும்போது மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் வேகம் இருக்கும். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் தள்ளினால் மூன்றரை மீட்டர் தள்ளி விழும். எனவே மரத்தடியை விட்டு நாலடி விலகி நிற்பது போதவே போதாது. தயவுசெய்து குழந்தைகளை வெகுதூரத்தில் நிறுத்துங்கள்.

பிளஸ் டூ மாணவி: உச்சியில் பந்தின் வேகம் பூஜ்யம்தானே?

நேர் மேலே எறிந்தால் மட்டும்தான். சாய்வாக எறிந்தால் பக்கவாட்டு வேகம் மிச்சமிருக்கும். முடுக்கமோ எங்கேயும் பூஜ்யமாகாது; உச்சியிலும் 9.8 தான்.

கோபாலபுரம் விவசாயி: கிணற்றில் கல் போட்டு ஆழம் பார்க்கலாமா?

தாராளமாக. நொடியை நொடியால் பெருக்கி 4.9-ஆல் பெருக்குங்கள். விடை மீட்டரில் வரும். இரண்டு நொடி என்றால் தண்ணீர் மட்டம் 19.6 மீட்டர், அதாவது சுமார் 64 அடிக்குக் கீழே. ஆனால் கடிகாரத்தை 0.2 நொடி முந்தி நிறுத்தினால் 12 அடி குறைத்துக் காட்டிவிடும். அதனால் ஐந்தாறு கல் போட்டுச் சராசரி எடுங்கள். மோட்டாருக்கு பைப் வாங்குவதற்கு முன்னால் கயிறு விட்டும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.