கொலை செய்து தண்டனை பெற்றவர் திருந்துவாரா?

"கொலை மாதிரி பெரிய குற்றம் செய்து ஜெயிலுக்குப் போனவர்கள் உண்மையிலேயே திருந்துவார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியை யாரும் சும்மா கேட்பதில்லை. உங்கள் சொந்தத்தில் யாரோ வெளியே வரப்போகிறார், அவரை வீட்டுக்குள் விடலாமா என்ற யோசனை ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

திருந்துவார்கள். எல்லோரும் என்று சொல்லவில்லை. ஆனால் நாம் நினைப்பதைவிட அதிகம் பேர்.

நான் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். சொத்துத் தகராறில் பங்காளியை வெட்டிக் கொன்று, ஆயுள் தண்டனை அனுபவித்து வந்த ஒருவர் என்னிடம் பல வருடமாக வேலை பார்க்கிறார். என்னைவிட மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். வேலை கேட்டு வந்த அன்றைக்கு, உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "கொலைக் கேஸ்ல உள்ள இருந்துட்டு வந்தவன் சார் நான். அப்புறம் தெரிஞ்சு அனுப்புறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்றார். சேர்த்துக்கொண்டேன்.

ஆரம்பத்தில் சாயங்காலம் வேலை முடிந்ததும் ஸ்பேனர், அரம், சுத்தியல், டிரில் பிட் எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக அடுக்கிவிட்டு ஓரமாக நிற்பார். கிளம்புங்கள் என்றாலும் நகர மாட்டார். நான் எண்ணிப் பார்ப்பதற்காகக் காத்திருக்கிறார் என்பது அப்புறம்தான் புரிந்தது. சிறைப் பட்டறையில் கருவிகளை எண்ணிச் சரிபார்த்த பிறகுதான் ஆளை விடுவார்களாம். சாத்தியிருக்கும் கதவைத் தானாகத் திறக்க மாட்டார், யாராவது திறக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். கத்தியைத் தூக்கிய அந்த ஆவேசம் எப்போதோ போய்விட்டது. கூடவே, சொந்தமாக ஒரு முடிவெடுக்கும் பழக்கமும் போயிருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவரத்தான் அவர் பெரும்பாடு பட்டார்.

"ஒரே ஒரு ஆளை வைத்து ஊரை எடை போடாதே" என்று பின்னூட்டத்தில் வருவீர்கள், தெரியும். கணக்குக்கே வருகிறேன். அமெரிக்காவில் 30 மாநிலங்களில் 2005-ல் விடுதலையானவர்களை ஒன்பது வருடம் தொடர்ந்து கவனித்ததில், 83 சதவீதம் பேர் ஏதோ ஒரு வழக்கில் மறுபடி கைதாகியிருந்தார்கள். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பவர்கள் இந்த எண்ணோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முதல் வருடத்தில் கைதானவர்கள் 44 சதவீதம், ஒன்பதாவது வருடத்தில் 24 சதவீதம் என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. இதில் கொலையாளி, திருடன், போதை வழக்குக்காரன் எல்லோரும் அடக்கம். கொலைக்காக உள்ளே போனவர்களைவிடத் திருட்டுக்காகப் போனவர்களே அதிகமாக மறுபடி மாட்டுகிறார்கள். வயது ஏற ஏற குற்றம் குறையும் என்பதும் குற்றவியலில் வெகுகாலமாக நிலைத்துவிட்ட முடிவு.

1974-ல் ராபர்ட் மார்ட்டின்சன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் எழுதிய ஒரு கட்டுரையைக் காட்டி, எந்தச் சீர்திருத்தமும் பலிக்காது என்று அங்கே முடிவு கட்டினார்கள். 1979-ல் அவரே அதைத் திருத்திக்கொண்டு, பலன் தரும் திட்டங்களும் உண்டு என்று எழுதினார். அதைக் காதில் வாங்க ஆளில்லை.

நார்வேயில் சுதந்திரத்தைப் பறிப்பது மட்டும்தான் தண்டனை, மற்றபடி உள்ளே இருக்கும் வாழ்க்கை முடிந்தவரை வெளி வாழ்க்கை மாதிரியே இருக்க வேண்டும் என்பது கொள்கை. 2010-ல் திறந்த ஹால்டன் சிறையில் கைதிகள் தாங்களே சமைத்துக்கொள்கிறார்கள். சொகுசு என்று திட்டுபவர்கள், கதவருகே நின்ற எங்கள் அண்ணனைப் பார்த்திருக்க வேண்டும். அதே நார்வேயில், ஆபத்தானவர் என்று கருதப்படுபவரை 21 வருடம் முடிந்த பிறகும் ஐந்தைந்து வருடமாக நீட்டித்து உள்ளேயே வைக்கவும் சட்டம் இருக்கிறது. எனக்கு இரண்டுமே சரியாகப் படுகிறது. குழந்தைகளிடம் அத்துமீறியவன் திருந்திவிட்டேன் என்றாலும் அவனைக் குழந்தைகள் இருக்கும் வேலையில் வைக்கக் கூடாது என்றுதான் நானும் சொல்வேன்.

ஒருமுறை பக்கத்துத் தெருவில் திருட்டுப் போனது. நேராகப் பட்டறைக்கு வந்து அண்ணனை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் ராத்திரி ஷிப்டில் இருந்ததற்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்ப் பல மணி நேரம் உட்கார்ந்த பிறகே விட்டார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கிடையாது. மறுநாள் என் வாடிக்கையாளர் ஒருவர், "இந்த மாதிரி ஆளையெல்லாம் ஏன் வச்சிருக்கீங்க?" என்று எனக்குப் புத்தி சொன்னார். வேலையை முடித்து வாங்கிக்கொண்டு, பில் பணத்தை மாதக்கணக்கில் இழுத்தடித்துக்கொண்டிருந்த மனிதர் அவர். இவர்களைப் போன்றவர்களால் என்னைப் போன்ற சின்னப் பட்டறைக்காரன் வட்டிக்கு வாங்கிச் சம்பளம் போடுகிறான். கேட்டால் "அடுத்த வாரம்". அதற்கு வழக்கும் இல்லை, வெட்கமும் இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கொலையை நான் நியாயப்படுத்துவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இறந்தவரின் மனைவி இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. அண்ணன் அந்தப் பக்கமே போவதில்லை. "நான் திருந்துனது அவங்களுக்கு எதுக்கு? அவங்களுக்கு வேண்டியது அவர்தானே?" என்று என்னிடம் கேட்டார். அதற்குப் பதில் என்னிடம் இல்லை.

உங்கள் ஆள் வெளியே வந்ததும் அறிவுரை சொல்ல ஆரம்பிக்காதீர்கள். அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, தங்க ஓர் இடம், காலையில் எழுந்து போக ஒரு வேலை, இவற்றைப் பாருங்கள். அந்த முதல் வருடம்தான் சறுக்கும் வருடம். குடிப்பழக்கம் இருந்திருந்தால் சிகிச்சையை முதல் வாரமே தொடங்குங்கள். வேலை கேட்டுப் போகும்போது வழக்கைப் பற்றி அவரே முதலில் சொல்லட்டும். பல பேர் கதவைச் சாத்துவார்கள். எங்கள் அண்ணனுக்கும் என்னிடம் வருவதற்கு முன்னால் நிறையப் பேர் சாத்தினார்கள்.