‘யாரையும் பார்க்கவில்லை’ என்பதை ஸ்பானிஷில் சொல்வது எப்படி?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வேலைக்குப் போய்க்கொண்டே சனிக்கிழமை வகுப்பில் ஸ்பானிஷ் படிக்கிறாராம், டெலே என்னும் ஸ்பானிஷ் மொழித்திறன் தேர்வில் ஏ2 நிலை எழுதப் போகிறாராம். “யாரோ, யாரும், ஒன்றும், எல்லாம், இன்னொன்று மாதிரிச் சொற்கள் வரும் இடமெல்லாம் ஆசிரியர் சிவப்பு மையால் கோடு போட்டுவிடுகிறார். பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டேன், ஆனாலும் வாக்கியத்தில் வைத்தால் தப்பாகிறது. என்ன செய்யலாம்?” என்று கேட்டு, கோடு வாங்கிய நான்கு வாக்கியங்களையும் அனுப்பியிருந்தார்.

நான்கையும் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் இதே நான்கையும் நானும் எழுதிக் கோடு வாங்கியிருக்கிறேன். பாடப்புத்தகம் ஆங்கிலத்தில், ஆசிரியர் விளக்குவது ஆங்கிலத்தில், ஆபீசில் நாள் முழுக்க ஆங்கிலம், அதனால் நாம் ஆங்கிலத்தில் யோசித்துச் சொல்லுக்குச் சொல் மாற்றுகிறோம். இந்த ஒரு பாடத்துக்கு மட்டும் ஆங்கிலத்தை வாசலில் விட்டுவிட்டு, வீட்டில் அம்மாவிடம் பேசும் தமிழோடு உட்காருங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

(ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். இரண்டு உயிரொலிகளுக்கு நடுவில் வரும் ஸ்பானிஷ் ‘டி’ எழுத்து, நம் ‘அது’வில் வரும் ‘து’ மாதிரி மெல்லத்தான் ஒலிக்கும். ஆகவே ‘நாதா’, ‘காதா’ என்று தமிழில் படிப்பது ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படிப்பதைவிட நன்றாகவே இருக்கும்.)

முதல் வாக்கியம்: “வேயோ நாதியே.” யாரையும் பார்க்கவில்லை என்று சொல்ல நினைத்திருக்கிறீர்கள். சரியான வடிவம் “நோ வேயோ ஆ நாதியே.” இரண்டு சின்னச் சொற்கள் விட்டுப்போயிருக்கின்றன, இரண்டுமே தமிழில் இருக்கின்றன.

முதலில் ‘நோ’. தமிழில் ‘யாரும்’ என்று சொன்னால் மட்டும் மறுப்பு வந்துவிடாது, ‘வரவில்லை’ என்று வினையும் மறுக்க வேண்டும். ஸ்பானிஷும் அப்படித்தான்: “நோ வீனோ நாதியே”, யாரும் வரவில்லை. ஆங்கிலத்தில் ‘நோபடி’யே மறுப்பைச் சுமந்துகொள்வதால் வினையைச் சும்மா விட்டுவிடுவார்கள், இரண்டு மறுப்பு வந்தால் தப்பு என்று பள்ளியில் அடித்துச் சொல்லியும் கொடுத்தார்கள். அந்த விதி இங்கே செல்லாது. இதற்கு ஒரு பழங்கதையும் உண்டு. ‘ஒன்றும்’ என்ற பொருளில் வரும் ‘நாதா’, லத்தீனில் ‘பிறந்த பொருள்’ என்று பொருள்படும் தொடரிலிருந்து வந்தது. ‘நாதியே’வும் ‘பிறந்தவர்கள்’ என்பதிலிருந்துதான். ஆதியில் இரண்டிலும் மறுப்பே கிடையாது, கூட வந்த ‘நோ’தான் மறுத்தது, நம் ‘ஒன்றும்’ போலவே. ‘கேட்க நாதியில்லை’ என்கிறோமே, அதோடு இதற்கு எந்த உறவும் இல்லை, ஆனாலும் மனத்தில் நிற்கட்டும் என்பதற்காக அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அப்படித்தான் நின்றது.

ஒரே ஒரு இடத்தில் தமிழ் காலை வாரும். ‘நாதியே’ வினைக்கு முன்னால் வந்தால் ‘நோ’ போய்விடும்: “நாதியே வீனோ.” இங்கே தமிழ்ப் பழக்கத்தில் “நாதியே நோ வீனோ” என்று எழுதினால் கோடு நிச்சயம்.

அடுத்து அந்த ‘ஆ’. ‘புத்தகம் படித்தேன்’ என்போம், ஆனால் ‘தங்கை பார்த்தேன்’ என்று யாராவது சொல்வோமா? ‘தங்கையைப் பார்த்தேன்’ என்றுதான் சொல்வோம். பொருளுக்கு ஐ உருபு இல்லாமலும் ஓட்டலாம், ஆளுக்கு முடியாது. ஸ்பானிஷ் ‘ஆ’வும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது. யாரையும் பார்க்கவில்லை என்றால் “நோ வேயோ ஆ நாதியே”, ஒன்றும் பார்க்கவில்லை என்றால் “நோ வேயோ நாதா”, ‘ஆ’ இல்லாமல். யாரையோ பார்க்கிறேன், “வேயோ ஆ அல்கியென்.” எதையோ பார்க்கிறேன், “வேயோ அல்கோ.” உயர்திணை, அஃறிணை என்று ஏழாம் வகுப்பில் படித்தது இத்தனை வருடம் கழித்துக் கைகொடுக்கிறது பாருங்கள்! ‘யாரும் இல்லை’ என்பதில் ஐ வருவதில்லை, அங்கே ஸ்பானிஷிலும் ‘ஆ’ இல்லை: “நோ ஆய் நாதியே.”

ஒரு எச்சரிக்கை. ‘யாராவது வந்தார்களா’ என்று நாம் பன்மையில் கேட்போம். ‘அல்கியென்’, ‘நாதியே’ இரண்டுக்கும் வினை எப்போதும் ஒருமைதான்.

இரண்டாவது வாக்கியம்: “அல்கியென் தே மிஸ் அமீகாஸ்.” என் தோழிகளில் யாரோ. கூட்டம் இன்னது என்று சொல்லிவிட்டு அதிலிருந்து ஒருவரை எடுத்தால் ‘அல்கியென்’ பொருந்தாது, ‘அல்கூனா தே மிஸ் அமீகாஸ்’ என்று எழுத வேண்டும். ‘யாரோ’வுக்கு ஆண், பெண் கிடையாது, அதுதான் ‘அல்கியென்’. ஒருவன், ஒருத்தி என்று பிரித்துச் சொல்ல முடிந்தால் ‘அல்கூனோ’, ‘அல்கூனா’. ‘ஒருத்தியும் வரவில்லை’ என்றால் “நோ வீனோ நிங்கூனா.”

இந்த ‘அல்கூனோ’வும் ‘நிங்கூனோ’வும் ஆண்பால் ஒருமைப் பெயருக்கு முன்னால் வால் இழந்து ‘அல்கூன்’, ‘நிங்கூன்’ ஆகும். தனியாக நின்றால் ‘ஒன்று’, பெயருக்கு முன்னால் ‘ஒரு’ என்று தமிழிலும் குறுகுகிறதே, அதே கதை. என்றாவது ஒருநாள் என்பது “அல்கூன் தியா”, ‘தியா’ ‘ஆ’வில் முடிந்தாலும் ஆண்பால், மறக்காதீர்கள். எந்தப் புத்தகமும் இல்லை, “நோ தெங்கோ நிங்கூன் லீப்ரோ.” தமிழில் ‘புத்தகமும்’ என்று ஒருமையில் சொல்வதுபோல இங்கேயும் ஒருமைதான், ஆங்கிலத்தைப் பார்த்து ‘நிங்கூனோஸ் லீப்ரோஸ்’ என்று பன்மை போட வேண்டாம். கத்தரிக்கோல், மூக்குக்கண்ணாடி மாதிரி பன்மையிலேயே பழகிய பெயர்களுக்கு மட்டும் பன்மை வரும்.

மூன்றாவது, “கியேரோ உன் ஓத்ரோ கஃபே.” இன்னொரு காப்பி வேண்டும். ‘இன்னொரு’வுக்குள்ளேயே ‘ஒரு’ இருக்கிறதா இல்லையா? ‘ஒரு இன்னொரு காப்பி’ என்று தேக்கா சந்தையில் கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் உங்களைத்தான் பார்ப்பார். ‘ஓத்ரோ’வும் அப்படியே. “கியேரோ ஓத்ரோ கஃபே”, அவ்வளவுதான்.

நான்காவது, “திராபாஹோ தோதோ எல் தியா.” இலக்கணம் சரி, பொருள்தான் தப்பு. தினமும் வேலை செய்கிறேன் என்று சொல்ல வந்து நாள் முழுக்க வேலை செய்கிறேன் என்று எழுதிவிட்டீர்கள். (இரண்டுமே உண்மையாக இருக்கலாம், சிங்கப்பூர்தானே.) தினமும் என்றால் ‘தோதோஸ் லோஸ் தியாஸ்’ என்று பன்மை. ‘காதா தியா’வும் உண்டு, ‘ஒவ்வொரு நாளும்’ என்று எண்ணிச் சொல்லும்போது. ‘காதா’ பாலுக்கும் எண்ணுக்கும் மாறவே மாறாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், தேர்வில் வந்தாலும் வரலாம். காப்பிக்கடையில் என்ன குடிக்கிறாய் என்றால் ‘எனிதிங்லா’ என்போமே, அந்த ‘எது வேண்டுமானாலும்’தான் ‘குவால்கியேரா’. பிரித்தால் ‘குவால்’ எது, ‘கியேரா’ வேண்டுமானாலும்! தமிழும் ஸ்பானிஷும் ஒரே மாதிரி யோசித்த இடம் இது, எனக்கு மிகவும் பிடித்த சொல். பெயருக்கு முன்னால் இரு பாலுக்கும் ‘குவால்கியேர்’ என்று குறுகும்: ‘குவால்கியேர் லீப்ரோ’, ‘குவால்கியேர் காசா’. பெயருக்குப் பின்னால் வந்தால், ‘உன் லீப்ரோ குவால்கியேரா’, ஏதோ ஒரு புத்தகம் என்ற அலட்சியம் ஏறிவிடும். ஒரு பெண்ணைப் பற்றி ‘ஊனா குவால்கியேரா’ என்று மட்டும் வாய்தவறியும் சொல்லிவிடாதீர்கள், அது வசைச்சொல்.

‘போகோ’வும் ‘உன் போகோ’வும் ஒன்றில்லை. “ஆப்லா உன் போகோ தே எஸ்பான்யோல்” என்றால் கொஞ்சம் ஸ்பானிஷ் பேசுவார், பாராட்டு. “ஆப்லா போகோ எஸ்பான்யோல்” என்றால் கொஞ்சம்தான் பேசுவார், குறை. நம் ‘தான்’ செய்யும் வேலையை அங்கே ‘உன்’ இல்லாமை செய்கிறது.

கடைசியாக, ‘யாரோ’வுக்கும் ‘யாராவது’க்கும் ஸ்பானிஷில் ஒரே சொல்தானா என்று கேட்டிருந்தீர்கள். சொல் ஒன்றுதான், வித்தியாசம் பின்னால் வரும் வினைக்குப் போய்விடுகிறது. தமிழ் பேசுகிற ஒருவரை எனக்குத் தெரியும், “கொனோஸ்கோ ஆ அல்கியென் கே ஆப்லா தமில்.” தமிழ் பேசுகிற யாராவது வேண்டும் என்று தேடினால், “புஸ்கோ ஆ அல்கியென் கே ஆப்லே தமில்.” ‘ஆப்லா’ ‘ஆப்லே’ ஆகிவிட்டது, அந்த ஆள் இருக்கிறாரா என்றே இன்னும் தெரியாததால். ஏ2வில் இதற்காகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம், அடுத்த நிலையான பி1க்குப் போகும்போது எழுதுங்கள்.