அம்மாவின் தெபு இலையும் கிளினிக் மாத்திரையும்

கடிதம்: இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவையில் ஆசிரியையாக இருக்கிறேன். அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார். சீனி வருத்தம் (நீரிழிவு). கிளினிக் மாத்திரையை நினைத்தால் போடுவார், நினைத்தால் விடுவார். சீனிக்கு நல்லதென்று நம்பும் தெபு என்ற கீரையின் இலையைச் சுண்டிச் சாப்பிடுவது மட்டும் தவறாது. கேட்டால் "இங்கிலிஸ் மருந்து சூடு" என்கிறார். இதைப் பண்பாடு என்று மதிப்பதா, அறியாமை என்று கண்டிப்பதா?

பதில்: அன்புள்ள டீச்சர்,

இரண்டுமே இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

தோட்டத்துக்கு இங்கிலிஸ் மருந்து எப்படி வந்தது என்று பாருங்கள். கோப்பிக் காலத்திலேயே, 1872இல், தோட்டத் தொழிலாளர் வைத்தியத்துக்கென்று வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். ஆள் செத்தால் வேலை நின்றுவிடுமே. அப்புறம் வந்த டிஸ்பென்சரியும் துரைக்குக் கீழேதான். உடம்பு சரியில்லை என்பதை அங்கே தரும் துண்டுதான் சொல்ல வேண்டும், துண்டில்லாமல் லயத்து வரிசை வீட்டில் படுத்தால் கங்காணிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். விபூதி போடுகிற பூசாரியோ அந்தியில் ஆத்துப்பக்கம் போனியா, எதையாவது பார்த்துப் பயந்தியா, வீட்டில் சண்டையா என்று தமிழில், உட்காரவைத்துக் கேட்பார். காய்ச்சல் அதனால் இறங்காதுதான், ஆனால் அந்த விசாரிப்பு டவுன் ஆஸ்பத்திரி வரிசையில் கிடைப்பதில்லை.

அதற்காக 'நம் பாரம்பரியம்' என்று கொடி பிடிக்கவும் வேண்டாம். தெபுவும் வெனிவெல்கெட்ட என்கிற மரமஞ்சளும் பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர்களிடம் நம் ஆட்கள் கற்றுக்கொண்டவை. அறியாமைப் பட்டத்தையும் தோட்டத்துச் சனத்துக்கு மட்டும் கட்டாதீர்கள். 2020 டிசம்பரில் காளி அருளிய மருந்து என்று கேகாலையில் ஒருவர் தேனும் சாதிக்காயும் கலந்த பாணி கொடுத்தபோது, கொரோனா நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் முண்டியடித்தார்கள், அதில் படித்தவர்களும் இருந்தார்கள். பாணியைக் குடித்துக் காட்டிய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் கொரோனா வந்தது!

சரி, அம்மா விஷயம். மாத்திரையை விடக்கூடாது, அதில் பேச்சே இல்லை. தெபுவை நிறுத்தச் சொல்லிச் சண்டை பிடிக்காதீர்கள், ஆனால் சாப்பிடுகிறார் என்பதை டொக்டரிடம் மறைக்காதீர்கள். சீனி குறையும் என்று நம்பி இலையை அவித்துக் கசாயமாகக் குடித்து, மாத்திரையும் சேர்ந்தால் சீனி திடீரென்று இறங்கி மலையில் மயங்கி விழ இடமுண்டு. அடுத்த கிளினிக் நாளில் லீவு போட்டுக் கூடப் போய், அவருக்காக நீங்கள் சிங்களத்தில் பேசுங்கள். அதற்கு முன் வீட்டில் ஒன்றைக் கேளுங்கள்: சூடு என்றால் எங்கே சூடு? வெறும் தேத்தண்ணியோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மலை ஏறுகிறாரோ என்னவோ. சீனிக்குத் தரும் சில மாத்திரைகள் வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றைப் புரட்டும். அப்படியென்றால் சாப்பாட்டோடு போடலாமா என்று டொக்டரிடமே கேட்டுவிடலாம்.