98.2% வந்தால் புதுச் சிற்றினமா?

கேள்வி: நுண்ணுயிரியல் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் ஊர் மானாவாரிக் கேழ்வரகு நிலத்து மண்ணிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தேன். பாக்டீரியாவை அடையாளம் காணப் பயன்படும் 16எஸ் ஆர்ஆர்என்ஏ ஜீனின் சீக்வென்ஸ் (டிஎன்ஏ எழுத்து வரிசை) 650 எழுத்து வந்தது. பிளாஸ்ட் என்ற ஒப்பிடும் மென்பொருளில் போட்டால் பேசில்லஸ் மெகாடீரியத்தோடு 98.2% ஒத்துப்போகிறது. 98.7%க்குக் கீழே போனால் புதுச் சிற்றினம் என்கிறார்களே, பெயர் வைத்து வெளியிடலாமா?

பதில்: பெயரைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். சீக்வென்ஸ் செய்தவர்கள் அனுப்பிய குரோமட்டோகிராம் கோப்பை முதலில் திறந்து பாருங்கள், நான்கு நிறத்தில் முகடு முகடாக வருமே, அது. 650 எழுத்தில் 98.2% என்றால் வேறுபடுவது சுமார் 12 எழுத்துதான். அந்தப் 12 எங்கே விழுந்திருக்கிறது? தொடக்கத்து முப்பது நாற்பது எழுத்திலும் வால் பகுதியிலும் முகடுகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். அங்கே மெஷின் குத்துமதிப்பாகத்தான் எழுத்துப் போடுகிறது. உங்கள் 12இல் ஒன்பது அங்கே இருந்தால், அவற்றை வெட்டியதும் ஒற்றுமை 99%ஐத் தாண்டிவிடும். முகடுகள் கடைசிவரை இரட்டை இரட்டையாக இருந்தால் தட்டில் இரண்டு பாக்டீரியா கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். மறுபடி ஸ்ட்ரீக் செய்து (தட்டில் கோடு கோடாக இழுத்துப் பிரித்து), தனிக் காலனி எடுத்து, இப்படி மூன்று முறையாவது செய்யுங்கள். ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் இரட்டை முகடு என்றால் பயம் வேண்டாம். பேசில்லஸ் சப்டிலிஸில் இந்த ஜீனுக்கு 10 பிரதிகள் உண்டு. பிரதிக்குப் பிரதி ஓரிரு எழுத்து மாறலாம்.

98.7% என்ற எல்லை ஏறக்குறைய முழு ஜீனுக்கு, அதாவது 1,500 எழுத்துக்கு அருகில் வரும் சீக்வென்ஸுக்குச் சொன்னது. எனவே 27எஃப், 1492ஆர் பிரைமர்களில் (படிப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) இரண்டு பக்கமிருந்தும் படித்துச் சேருங்கள். ஒப்பிடுவதும் டைப் ஸ்ட்ரெயினோடுதான் இருக்க வேண்டும், அதாவது அந்தப் பெயர் எந்தக் கல்ச்சரோடு கட்டப்பட்டிருக்கிறதோ அதனோடு. ஜென்பேங்க் என்ற பொதுச் சீக்வென்ஸ் கிடங்கில் உள்ள பெயர் பதிவேற்றியவர் கொடுத்தது. ஈஸிபயோகிளவுட் தளத்தில் தேடினால் டைப் ஸ்ட்ரெயின்கள் தனியாக வரும். அங்கே பேசில்லஸ் மெகாடீரியத்தைக் காணோமே என்று தேடாதீர்கள். 2020இல் அது பிரீஸ்டியா என்ற பேரினத்துக்கு மாறிவிட்டது.

இன்னொன்று, நில உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தமிழ்நாட்டில் பாஸ்போபாக்டீரியா என்று உயிர் உரமாகப் பாக்கெட்டில் விற்பது பெரும்பாலும் இதே மெகாடீரியம்தான். போன பருவத்தில் யாராவது தொழு உரத்தில் கலந்து போட்டிருக்கலாம், நீங்கள் பிரித்தது அதுவாகவே இருக்கலாம்.

சரி, முழு ஜீனிலும் 98.7%க்குக் கீழேயே நிற்கிறது என்றால் நிஜமாகவே நல்ல செய்தி. அடுத்தது ஜீனோம், அதாவது அதன் முழு டிஎன்ஏ. மேலே போனாலும் கதவு மூடிவிடவில்லை: பேசில்லஸ் சப்டிலிஸும் வெலசென்சிஸும் 16எஸ்ஸில் 99%க்கு மேல் ஒத்தவை, ஆனாலும் தனித்தனிச் சிற்றினங்கள். தீர்ப்புச் சொல்வது ஜீனோம்தான். குறைந்தது 50 மடங்கு ஆழத்தில் (ஒவ்வோர் எழுத்தும் சராசரியாக 50 முறை படிக்கப்படும்படி) சீக்வென்ஸ் செய்து, நெருங்கிய டைப் ஸ்ட்ரெயின்களோடு ஏஎன்ஐ, அதாவது இரண்டு ஜீனோம்களின் சராசரி எழுத்து ஒற்றுமை, கணக்கிடுங்கள். அது 95–96%க்குக் கீழேயும், டிஜிட்டல் டிஎன்ஏ-டிஎன்ஏ ஹைபிரிடைசேஷன் (ஜீனோம்களின் நெருக்கத்தைக் கணினியில் மதிப்பிடும் இன்னொரு அளவு) 70%க்குக் கீழேயும் வந்தால் உங்கள் கையில் இருப்பது புதியது என்று நம்பலாம்.

அப்புறம் கொழுப்பு அமிலம், குயினோன் (செல் சவ்வில் உள்ள ஒரு வகை மூலக்கூறு), வளரும் வெப்பநிலை, உப்பு, பிஹெச் சோதனைகள். நெருங்கிய டைப் ஸ்ட்ரெயினை வாங்கி, அதே வளர்ப்பு ஊடகத்தில், அதே நாளில், பக்கத்திலேயே வளர்த்துச் செய்யுங்கள். பழைய கட்டுரையில் உள்ள அட்டவணையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பாக்டீரியாவில் இருக்கிறதா, ஊடகத்தில் இருக்கிறதா என்றே தெரியாது.

பெயர் செல்லுபடியாக, கல்ச்சரை இரண்டு வெவ்வேறு நாடுகளின் சேகரிப்பு மையங்களில் ஒப்படைக்க வேண்டும். இங்கே சண்டிகரில் எம்டிசிசி இருக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் விதிகளை உங்கள் வழிகாட்டியோடு உட்கார்ந்து படியுங்கள். ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஸ்ட்ரீக் செய்து சுத்தமாக்கிய கல்ச்சரை 20% கிளிசராலில் நாலைந்து குழாயாக மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் வையுங்கள். மண் எடுத்த தேதி, இடம், ஆழம் மூன்றையும் குழாயிலும் நோட்டிலும் எழுதுங்கள்.